கதவுக்கு அந்தப் பக்கம்

கேள்வி: 1998இல் தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் தினமும் பயணம் செய்யும், முன்பின் அறியாத ஒன்பது பேரின் வாழ்க்கை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதாக ஒரு நாவல் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாகியும் முடியவில்லை. எல்லாரையும் இணைக்க எழும்பூரில் ஒரு விபத்தை வைத்தேன். செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். அக்கால ரயிலைப் பற்றி இணையத்திலும் போதிய விவரம் இல்லை. அப்பா முப்பது ஆண்டுகள் அதே தடத்தில் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர். அவருடைய இருமல் கவனத்தைக் கலைப்பதால் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நாவலை எப்படி முடிப்பது?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: முடியாத நாவல்களைப் பற்றிய கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன. உங்களிடம் திறமை இருக்கிறது, விடாமல் எழுதுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. படிக்காத பிரதியைப் பாராட்டும் பழக்கம் எனக்கில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தச் சாத்திய கதவைத்தான்.

1931இல் மின்மயமான அந்தத் தடத்தில் 2004 வரை மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின. அவற்றில் முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழித்த மனிதர் அடுத்த அறையில் இருக்க, நீங்கள் இணையத்தில் விவரம் தேடுகிறீர்கள். மாம்பலத்தில் ஏறுகிறவருக்கு யார் இடம் பிடித்து வைத்தார், ஒருநாள் வராமல் போனவரின் வீட்டுக்கு யார் விசாரிக்கப் போனார் என்பதெல்லாம் எந்தத் தளத்தில் கிடைக்கும்? டப்ளின் நகரத்தின் ஒரே நாளைப் பாரிசில் உட்கார்ந்து எழுதி முடித்த ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ், அந்த ‘யுலிசஸ்’ நாவல் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கதையில் வரும் எக்லிஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பி வேலியைச் சாதாரண மனிதன் ஒருவன் தாண்டி இறங்க முடியுமா என்று டப்ளினில் இருந்த தம் அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவருக்குக் கடல் கடந்து கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு தாழ்ப்பாள்தான் தடை.

விபத்தை எடுத்துவிடுங்கள். ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஆண்டுக்கணக்கில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு போகிறவர்களைச் சேர்த்துவைக்க இரத்தம் தேவையில்லை. அதற்கு மேல் கதையமைப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபம் வேறு. அந்த சீசன் டிக்கெட்டில்தான் உங்கள் பள்ளிக்கட்டணமும் பயணம் செய்திருக்கிறது. பெற்றவரின் இருமலைக் கேட்டதும் ஒரு டம்ளர் வெந்நீரோடு எழுந்து போவதுதான் பிள்ளைக்கு அழகு என்று நம்புகிற பழைய ஆள் நான். அந்நியர் ஒன்பது பேருக்காக உருகுகிற நீங்கள், அந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். உங்கள் ஊருக்கு அடுத்த நிலையத்துக்கு சானடோரியம் என்ற பெயர் வந்ததே 1928இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையால்தான். நாளைக் காலையே அப்பாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவரால் ஏறி இறங்க முடியுமென்றால் மின்ரயிலிலேயே போங்கள். எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதை அவர் சொல்லட்டும்.