எம்கே-801 ஏன் மருந்தாகவில்லை? மெமன்டின் எப்படி மருந்தானது?

எம்கே-801 என்ற ஆய்வகச் சேர்மம், அல்சைமர் நோய்க்குத் தரப்படும் மெமன்டின் இரண்டும் மூளையில் ஒரே ஏற்பியைத்தானே (நரம்பணுவின் மேல் வேதிச் சமிக்ஞையை வாங்கும் புரதம்) தடுக்கின்றன, பிறகு ஏன் ஒன்று மருந்துச் சீட்டுக்கு வந்தது, மற்றது ஆய்வகத்தோடு நின்றுவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எந்த ஏற்பி என்பதை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. மூலக்கூறு அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டும் தடுக்கும் அந்த ஏற்பியின் பெயர் என்எம்டிஏ. அதன் நடுவே அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) செல்லும் ஒரு துளை உண்டு. நரம்பணுக்களிடையே சமிக்ஞை கடத்தும் குளூட்டமேட்டும், அதற்குத் துணையான கிளைசினும் சேர்ந்து ஏற்பியில் பிணைந்தால்தான் அது திறக்கும். திறந்தாலும், நரம்பணு ஓய்வில் இருக்கும்வரை மக்னீசியம் அயனி துளையை அடைத்துக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் மாறி மக்னீசியம் விலகிய பிறகே கால்சியம் உள்ளே பாயும். கற்றலுக்கும் நினைவுக்கும் இந்தக் கால்சியம் தேவை. அளவு மீறினால் அதே கால்சியம் நரம்பணுவைக் கொன்றுவிடும்.

எம்கே-801 குளூட்டமேட்டின் இடத்துக்குப் போட்டியிடுவதில்லை. துளை திறந்திருக்கும்போது உள்ளே நுழைந்து அமர்ந்துகொள்கிறது. துளை மூடினால் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். வெளியே உள்ள கரைசலை எவ்வளவு மாற்றினாலும் ஏற்பி மறுபடி திறக்கும்வரை வெளியேற வழியில்லை. திறந்தாலும் மிக மெதுவாகவே வெளியேறும்.

1980களில் இதன் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. பக்கவாதத்தில் இரத்தம் கிடைக்காத பகுதியில் குளூட்டமேட் பெருகுவதால், இதைக் கொடுத்து நரம்பணுக்களைக் காப்பாற்றலாம் என எண்ணினார்கள். விலங்குகளில் நல்ல பலன் தெரிந்தது. அந்தப் பலனில் ஒரு பங்கு உடல் வெப்பம் குறைந்ததால் வந்தது என்று பிறகு சில சோதனைகள் காட்டின. விலங்குச் சோதனைகளைப் படிக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது. 1989இல் ஓல்னி என்ற ஆய்வாளரின் குழுவினர், எலிகளின் மூளைப் புறணியில் ஒரு பகுதியின் நரம்பணுக்களுக்குள் இம்மருந்தால் வெற்றிடக் குமிழ்கள் தோன்றுவதைக் காட்டினார்கள். பிசிபி என்ற போதைப்பொருளும் இதே துளையைத்தான் அடைக்கிறது என்பதால் மனக்குழப்பம், மாயத்தோற்றம் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. இப்படித்தான் எம்கே-801 ஆய்வகத்தோடு நின்றது.

மெமன்டினும் அதே துளைக்குள்தான் நுழைகிறது. ஆனால் அதன் பிணைப்பு பலவீனமானது: எம்கே-801 நானோமோலார் செறிவிலேயே செயல்படும், மெமன்டினுக்கு மைக்ரோமோலார் அளவு வேண்டும் (ஒரு மைக்ரோமோலார் என்பது ஆயிரம் நானோமோலார்). வெளியேறுவதும் விரைவு. இயல்பான, வலுவான சமிக்ஞை வரும்போது மின்னழுத்த மாற்றத்தால் அது விலகி வழிவிடுகிறது. குறைந்த அளவில் ஓயாமல் நீடிக்கும் தூண்டலைத் தடுக்கிறது. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான். ஐரோப்பாவில் 2002இலும் அமெரிக்காவில் 2003இலும் அல்சைமர் நோய்க்கு அது அனுமதி பெற்றது. பலன் மிதமானதுதான், நோயை நிறுத்துவதில்லை.

எம்கே-801க்கு ஆய்வகத்தில் இன்றும் வேலை இருக்கிறது. ஒரு நரம்பிணைப்பு (இரு நரம்பணுக்கள் சமிக்ஞை பரிமாறும் இடம்) குளூட்டமேட்டை வெளியிடும்போதெல்லாம் அங்குள்ள ஏற்பிகள் சிறிது சிறிதாக நிரந்தரம்போல் அடைபடுவதால், அவற்றின் வழியே பாயும் மின்னோட்டம் குறையும் வேகத்தை வைத்தே அந்த இணைப்பு எவ்வளவு எளிதில் குளூட்டமேட்டை வெளியிடுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.