காட்டுப் பூனைகள் விஷப் பாம்பைக் கடிபடாமல் பிடிப்பது எப்படி? அவற்றுக்கு விஷம் ஏறாதா?

ஏறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலர் கீரியையும் பூனையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கீரிக்கு உடம்பிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் உள்ள ஏற்பிகள் (அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) சற்றே உருமாறியிருப்பதால், நாகத்தின் நரம்பு நஞ்சு அங்கே சரியாக ஒட்டாமல் போய்விடும். தேன்வளைக்கரடிக்கும் முள்ளெலிக்கும்கூட இதே மாதிரி மாற்றம் தனித்தனியாக வந்திருக்கிறது. பூனைக் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆப்பிரிக்காவின் செர்வலோ, பாலைவனத்து மணல் பூனையோ, வட அமெரிக்காவின் பாப்கேட்டோ, எந்தக் காட்டுப் பூனையாக இருந்தாலும், பல் ஆழமாக இறங்கி விஷம் முழுதாக ஏறினால் பிழைப்பது கஷ்டம். (கீரிக்கும் அது முழுக் கவசம் இல்லை, அளவுக்கு மீறினால் அதுவும் சாகும்.)

ஆக, பூனை தன் வேலையைக் கடிபடாமலேயே முடித்தாக வேண்டும். எப்படி என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று சொல்வது வேகம். "பாம்பைவிடப் பூனை பல மடங்கு வேகம்" என்று ஒரு வரி, ஸ்லோமோஷன் காணொளிகளோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ராட்டில்ஸ்நேக் (வாலை ஆட்டி ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்பு) போன்ற விரியன்களையும் விஷமே இல்லாத ஒரு பாம்பையும் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து அளந்தார்கள். பாய்ந்து இலக்கைத் தொட எல்லாமே எடுத்துக்கொண்ட நேரம் 50 முதல் 90 மில்லிவினாடிக்குள்தான். நாம் ஒருமுறை கண் சிமிட்டவே 200 மில்லிவினாடி வேண்டும். பாய்வதைக் கண் பார்த்து, மூளை அறிந்து, தசை அசைவதற்குள் பல் வந்து சேர்ந்துவிடும். பூனையின் அனிச்சைச் செயல் பிரமாதமானது, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பாம்பின் எதிரில் நிற்கும் பூனை அதிக நாள் தாங்காது.

அது பெரிதும் நம்புவது தூரத்தை. சுருண்டிருக்கும் விரியன் ஒரே பாய்ச்சலில் எட்டக்கூடியது தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் பாதி. அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கொம்பு விரியன் என்றால் இருபது முப்பது சென்டிமீட்டர். அந்த எல்லைக்கு ஒரு விரற்கடை வெளியே நின்றுவிட்டால் எவ்வளவு வேகமான பாய்ச்சலும் வீண்தான். சகாராவிலும் அரேபியப் பாலையிலும் வாழும் மணல் பூனை இந்த வித்தையில் கைதேர்ந்தது. ஆள் என்னவோ ஒன்றரையிலிருந்து மூன்றரை கிலோதான், வீட்டுப் பூனையைவிடச் சிறியதாகக்கூட இருக்கும். கொம்பு விரியனின் தலையில் முன்காலால் அடுத்தடுத்து அடித்து அதைக் கிறங்கவைத்த பிறகுதான் கழுத்தில் வாய் வைக்கும்.

ஒரு செர்வல், ஆப்பிரிக்காவின் பஃப் ஆடர் விரியனை எதிர்கொள்ளும் காணொளியை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சாதாரண வேகத்தில் பார்க்கும்போது ஏதோ படபடவென்று அடிப்பதாகத்தான் தோன்றும். மெதுவாக ஓட்டினால் வேறு கதை. உடம்பின் பாரம் முழுக்கப் பின்னங்கால்களில். தலை பின்னுக்கு இழுத்து, மோவாய் மார்போடு ஒட்டியிருக்கிறது. காது பின்னால் மடிந்திருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. ஒரே ஒரு முன்கால் மட்டும் காற்றில். சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும் விரல் போல அந்தக் கால் நீளும், உடனே திரும்பிவிடும். பாம்பு பாயும். அதற்குள் அங்கே கால் இல்லை. சில சமயம் நான்கு காலும் தரையைவிட்டு எழும்ப, செர்வல் நேர் மேலே துள்ளிப் பக்கவாட்டில் வந்து இறங்குகிறது.

அடி விழும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பாய்ந்து முடித்த பாம்பின் உடல் நீண்டு கிடக்கும். மறுபடி பாய, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்துக்கொண்டால்தான் உண்டு. அந்த இடைவெளியில் பூனையின் கால் மேலிருந்து கீழே, தலையின்மேல் இறங்குகிறது. தலை மண்ணில் மோதும். கால் உடனே பின்வாங்கிவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க ஆசைப்படாது. பிடித்தால் பாம்பு உடலை முறுக்கித் திரும்பிவிடும் அல்லவா. உடல் அளவோடு ஒப்பிட்டால் பூனை இனத்திலேயே நீளமான கால்கள் செர்வலுக்குத்தான், தோள் உயரமே அறுபது சென்டிமீட்டர் அளவில் இருக்கும். எலி பிடிக்க உயர்ந்த புல்லுக்குள் நடப்பதற்கு உதவும் அந்தக் கால்களே இங்கேயும் கைகொடுக்கின்றன.

இப்படியே நிமிடக்கணக்கில் போகும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பூனை விளையாடுவதுபோல் இருக்கும். உண்மையில் பாம்பு களைத்துக்கொண்டிருக்கிறது. ஊர்வனவற்றின் திடீர்ப் பாய்ச்சலுக்கான சக்தி பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலேயே தசைக்குள் உண்டாவது. தொடர்ந்து பாய்ந்தால் லாக்டிக் அமிலம் சேர்ந்து சீக்கிரமே தளர்ந்துவிடும், பழைய நிலைக்குத் திரும்ப வெகுநேரம் பிடிக்கும். குளிர்ந்த நேரமாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பாம்பின் உடல் சூடு சுற்றுப்புறத்தை நம்பியிருக்கிறது. பாய்ச்சல் குட்டையாகி, தலை தரையோடு தங்கிவிட்ட பிறகுதான் பூனை வாயைக் கொண்டுபோகும். தலைக்குச் சற்றுப் பின்னால், கழுத்தெலும்புகளுக்கு இடையே கோரைப்பல் இறங்கும். அதன்பிறகும் உடனே தின்ன உட்காராமல் தட்டிப் பார்க்கும் பூனைகள் உண்டு. துண்டிக்கப்பட்ட பாம்புத் தலைகூட வெகுநேரம் அனிச்சையாகக் கடிக்கும் என்பதால் அது நல்ல வழக்கம்தான்.

வாயை இவ்வளவு பின்னால் வைத்துக்கொள்வதில் எவ்வளவு லாபம் என்பதற்கு வீட்டுப் பூனைகளிடமிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஈஸ்டர்ன் பிரவுன் பாம்பு கடித்து, விஷமுறிவு மருந்து கிடைக்காத நாய்களில் 31 சதவீதம்தான் பிழைக்கின்றன. பூனைகளில் 66 சதவீதம். ஏன் என்று குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். விஷம் நாயின் ரத்தத்தில் பூனையின் ரத்தத்தைவிட வேகமாக உறைதலைத் தூண்டுகிறது என்பது அவர்களின் முக்கியக் கண்டுபிடிப்பு. உறையவைக்கும் பொருள்கள் சீக்கிரம் தீர்ந்துபோய், நாய்க்கு ரத்தக்கசிவு முந்தி வந்துவிடும். கூடவே நடத்தையையும் சொன்னார்கள். நாய் மூக்கையும் வாயையும் வைத்து ஆராயப் போகும். அங்கே ரத்த நாளங்கள் ஏராளம். பூனை காலால் தட்டிப் பார்க்கும். இதைப் படித்துவிட்டு, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் இருந்துவிடாதீர்கள். நூறில் முப்பத்து நான்கு செத்துப்போகின்றன என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. கடிபட்ட பூனையை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விஷப் பாம்பைத் தின்றால் ஆபத்தில்லையா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். விஷம் பெரும்பாலும் புரதம். ரத்தத்திலோ திசுவிலோ கலந்தால்தான் அதன் ஆட்டம். வயிற்றுக்குப் போனால் மற்ற இறைச்சியைப் போலச் செரித்துவிடும். வாயில் புண் இருந்தால் சங்கடம்.

இவ்வளவு சாமர்த்தியம் இருப்பதால் இவை பாம்பைத் தேடி அலைகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. செர்வலின் உணவில் பெரும்பகுதி எலியினம். இந்தியாவில் காணப்படும், காட்டுப்பூனை என்றே பெயர் கொண்ட தனி இனமும் பிழைப்பு நடத்துவது எலியை வைத்துத்தான். பாம்பு எதிர்ப்பட்டால், அளவு தோதாக இருந்தால் பிடிக்கும். பெரிதாகவோ முரண்டுபிடிப்பதாகவோ இருந்தால் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போய்விடும். என்னைக் கேட்டால் அந்த ஒதுங்கலும் திறமையில் சேர்த்திதான். ஒதுங்குவதைக் காணொளியாக யாரும் போடுவதில்லை, அதனால் பூனை எப்போதும் ஜெயிப்பதாக நமக்கு ஒரு பிரமை.

சிங்கம், புலி போன்ற பெரிய பூனைகள் பெரும்பாலும் பாம்பைச் சட்டை செய்வதில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தத் துளி இறைச்சி எம்மாத்திரம்? விஷயம் தெரியாத குட்டிகள்தான் வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொள்ளும்.

மேலே சொன்ன தூரக் கணக்கு எடுபடாத ஓர் எதிரியும் உண்டு. ஆப்பிரிக்காவில், செர்வலும் சிங்கமும் திரியும் அதே நிலங்களில், விஷம் துப்பும் நாகங்கள் வாழ்கின்றன. கண்ணைக் குறிவைத்து இரண்டு மீட்டருக்கு அப்பாலும் பீய்ச்சி அடிக்கும். இரை பிடிக்க அவை அப்படித் துப்புவதில்லை, தற்காப்புக்கு மட்டும்தான். கண்ணில் பட்டால் தீயாய் எரியும், கருவிழியே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அங்கே நீளமான காலுக்கு வேலையில்லை. எந்தப் பூனையாக இருந்தாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு விலகிப் போக வேண்டியதுதான்.