கொலைகாரன் பெயர் தெரிந்த பிறகும் படிக்கலாம்

இந்த மாதம் வந்த கேள்விகள் முழுக்கப் புத்தகங்களைப் பற்றி, அதிலும் பாதிக்கு மேல் கொலைப் புத்தகங்களைப் பற்றி. எனக்கு ஆட்சேபமில்லை, நானும் சில வாரங்களாக அவற்றோடுதான் கிடக்கிறேன்.

கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிற நாவல்களைத்தான் நீங்கள் அதிகம் பாராட்டுகிறீர்கள். அது தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு சார் முந்நூறு பக்கம்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

'யார்' என்ற கேள்வி ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும் என்பதால்தான். விடை தெரிந்ததும் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டு மேலே எழுதுவதற்கு வேறு ஏதாவது கையில் இருக்க வேண்டும், அது எல்லாரிடமும் இருப்பதில்லை.

ஜப்பானியர் கெய்கோ ஹிகாஷினோவிடம் இருக்கிறது. 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' 2005-இல் ஜப்பானில் வந்து நவோக்கி பரிசு பெற்றது, 2011-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் கடையில் வேலை பார்க்கிறாள் யசுகோ. விவாகரத்துக்குப் பிறகும் காசு கேட்டுத் துரத்துகிற முன்னாள் கணவன் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட, அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். இதெல்லாம் ஆரம்பப் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி கதவைத் தட்டுகிறார், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவ்வளவுதான், இனி போலீஸ் வருவதும் போவதும்தான் கதை. அன்றைக்கு சினிமாவுக்குப் போனோம் என்கிறார்கள் தாயும் மகளும், டிக்கெட் கிழிசலும் இருக்கிறது. கொலையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஆனாலும் அந்த வாத்தியார் அப்படி என்னதான் செய்தார் என்று நமக்குத் தெரியாது. போலீஸைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே படிக்கிறோம், கடைசியில் நாம்தான் அதிகம் ஏமாந்திருக்கிறோம்.

குறையும் உண்டு. யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்த யசுகோவின் மனசுக்குள் ஆசிரியர் அதிகம் போகவில்லை. அவருக்கு இஷ்டமெல்லாம் வாத்தியாரும் அவருடைய கல்லூரிக் காலத்து நண்பரும், போலீஸுக்கு உதவுகிற இயற்பியல் பேராசிரியருமான யுகாவாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பதில்தான். அதை அவர் நன்றாகவே எழுதுகிறார் என்பதும் உண்மை.

என்னைக் கேட்டால் அவருடைய 'மேலிஸ்' இன்னும் ஒரு படி மேல். வெளிநாட்டில் குடியேறக் கிளம்பிக்கொண்டிருக்கும் ஒரு பிரபல எழுத்தாளர் கொலை செய்யப்படுகிறார். புத்தகம் பாதியை எட்டுவதற்கு முன்பே கொலையாளி பிடிபட்டு ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஆனால் துப்பறியும் காகாவுக்கு மனசு ஆறவில்லை, ஏன் கொன்றாய் என்பதற்குக் கிடைக்கிற பதில் மாறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிட நம்பும்படி இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' படித்தீர்களா? எங்கள் வீட்டில் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

படித்தேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு வசதியான முதியோர் குடியிருப்பு, அங்கே எழுபது வயதைத் தாண்டிய நாலு பேர் வாரா வாரம் வியாழக்கிழமை கூடி, துப்புத் துலங்காத பழைய கொலைகளை அலசுகிறார்கள். அவர்களில் ஒருவரான ஜாய்ஸ் எழுதும் டைரிப் பக்கங்கள் அருமை. கொலைதான் சுமார். 2020-இல் வந்த அந்தப் புத்தகத்தை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இன்று கொலையாளி யார் என்று ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை, ஜாய்ஸை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதே இந்தக் காலத்தில் பெரிய விஷயம், கொண்டாடட்டும்.

இப்போது வரும் நாவல்களில் கொலையை வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள். அது சரியா? செத்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

எதை வைத்து, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெர்சிவல் எவரெட் எழுதிய 'தி ட்ரீஸ்' (2021) உங்களுக்கு ஒரு பதிலாக இருக்கலாம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்று ஒரு சின்ன ஊர். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து அங்கே உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லி, அவள் கணவன் ராய் பிரையன்ட்டும் அவனுக்கு அண்ணன் முறையான ஜே.டபிள்யூ. மைலமும் ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய்க் கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுதலை செய்தது. சில மாதம் கழித்து இருவரும் 'லுக்' பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். விடுதலையான வழக்கில் மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

எவரெட்டின் நாவல் நம் காலத்தில் அதே ஊரில் நடக்கிறது. அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் கோரமாகச் செத்துக் கிடக்கிறார்கள், ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் எம்மெட் டில்லைப் போலவே இருக்கும் ஒரு கறுப்பினப் பையனின் பிணம். அது பிணவறையிலிருந்து காணாமல் போகிறது, அடுத்த கொலை நடந்த இடத்தில் மறுபடி கிடக்கிறது. விசாரிக்க வருகிற இரண்டு துப்பறிவாளர்களும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் அடிக்கிற ஜோக்குகளும், ஊர் ஷெரீப்பும் ஆட்களும் விழிக்கிற விழியும், ஆட்களுக்கு வைத்திருக்கிற அபத்தமான பெயர்களும், சத்தியமாகச் சிரிக்காமல் படிக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட குட்டிக் குட்டி அத்தியாயங்கள், வேகமாக ஓடுகிறது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அத்தியாயத்தில் வெறும் பெயர்கள் வருகின்றன, கும்பல் கொலையில் செத்தவர்களின் பெயர்கள், பக்கம் பக்கமாக. கதையில் ஒரு ஆராய்ச்சியாளர் அவற்றைப் பென்சிலால் எழுதி வைக்கிறார். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகத்தான் கை பரபரக்கும், நான் தாண்டாமல் படித்தேன், நீங்களும் தாண்டாதீர்கள். நீங்கள் கேட்ட மரியாதை அங்கே இருக்கிறது. சிரிப்பெல்லாம் கொன்றவர்கள் பக்கம்தான்.

முடிவு எனக்குத் திருப்தியில்லை, கதை ஊரைத் தாண்டி நாடு முழுக்கப் பரவும்போது பிடி கொஞ்சம் தளர்கிறது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

பெண்கள் கொலை செய்யும் நாவல்கள் திடீரென்று நிறைய வருகின்றனவே?
— ஒரு வாசகி, சேலம்

நான் படித்த இரண்டைச் சொல்கிறேன். நைஜீரியாவின் ஒயின்கான் ப்ரெய்த்வெய்ட் எழுதிய 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்' (2018) லாகோஸ் நகரத்துக் கதை. அழகான தங்கை ஆண் நண்பர்களைக் கொன்றுவிட்டு அக்காவுக்குப் போன் போடுகிறாள், நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா ப்ளீச்சை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இது மூன்றாவது தடவை! கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உள்ளே போகப் போக இது எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதி: பொறுப்பான பிள்ளை துடைத்துக்கொண்டே இருக்கும், செல்லப் பிள்ளை கொட்டிக்கொண்டே இருக்கும், அம்மாவுக்கு அந்தச் செல்லத்தின் மேல் ஒரு குறையும் தெரியாது. அவர்கள் அப்பாவைப் பற்றிய பகுதிகளைக் கவனித்துப் படியுங்கள். ஒரே மூச்சில் முடிக்கலாம்.

இன்னொன்று அசாகோ யுசுகியின் 'பட்டர்', 2024-இல் ஆங்கிலத்தில் வந்து பெரிய பேர் வாங்கியது. ஜப்பானில் உண்மையாக நடந்த ஒரு வழக்கிலிருந்து பிறந்த நாவல். ஆண்களுக்குச் சமைத்துப் போட்டு, பணம் பறித்து, கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண் சிறையில் இருக்கிறாள், பேட்டி எடுக்கப் போகிற பத்திரிகைக்காரியிடம் கேஸைப் பற்றிப் பேசாமல், முதலில் போய்ச் சுடுசோற்றில் நல்ல வெண்ணெயும் சோயா சாஸும் போட்டுச் சாப்பிட்டுப் பார் என்கிறாள். இந்த இடம் பிரமாதம். பத்திரிகைக்காரிக்கு எடை கூடக் கூட ஆபீஸில் ஆளாளுக்கு அறிவுரை சொல்வதும் பிரமாதம். ஆனால் புத்தகம் நீளம், நூறு பக்கத்தைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம். பசியோடு படிக்காதீர்கள்.

கொலை, துப்பு எதுவும் இல்லாத நல்ல சமகால நாவல் ஏதாவது சொல்லுங்களேன்.
— ஒரு வாசகர், பெங்களூரு

உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்'. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். ஒண்டிக் குடித்தனத்தில் எறும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்குச் சித்தப்பாவின் மசாலாக் கம்பெனியால் திடீரென்று காசு வருகிறது. ஒருநாள் அந்தச் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் பாத்திரத்தில் குழம்போடு வாசலுக்கு வருகிறாள். வீட்டுப் பெண்கள் அவளை விரட்டுகிற விதத்தைப் படித்துவிட்டு எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. கொலை இல்லாத நாவல்தானே கேட்டீர்கள், இதில் இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசிச் சில பக்கங்களை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள்.

க்ளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2021) இன்னொன்று. அயர்லாந்தின் நியூ ராஸ் ஊர், 1985 கிறிஸ்துமஸ் சமயம். ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற நிலக்கரி வியாபாரி ஃபர்லாங், கன்னிமாடத்துக்குச் சரக்குப் போடப் போனவர், அங்கே கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்கிறார். திருமணமாகாமல் கர்ப்பமானவர்கள் என்றும் கெட்டுப்போனவர்கள் என்றும் சொல்லிப் பெண்களை அடைத்துவைத்துச் சம்பளமில்லாமல் துணி வெளுக்க விட்ட மக்தலேன் சலவைக்கூடங்கள் அந்த நாட்டில் நிஜமாகவே இருந்தன, கடைசியானது 1996-இல்தான் மூடப்பட்டது, பிரதமர் 2013-இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நாவலில் ஊருக்கே விஷயம் தெரியும். உனக்கெதற்கு வம்பு என்று அவருக்குப் புத்தி சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, மனைவி உட்பட. பிள்ளைகள் படிக்கிற பள்ளியும் அதே கன்னியாஸ்திரீகளின் கையில் இருக்கிறது, அவர்களுக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்?

டானா ஃப்ரெஞ்சின் 'இன் தி வுட்ஸ்' முடித்துவிட்டுச் சுவரில் எறிந்தேன். முடிச்சை அவிழ்க்காமல் விடுவது மோசடிதானே?
— ஒரு வாசகி, சென்னை

உங்களுக்கு முன்பே பல பேர் எறிந்துவிட்டார்கள். படிக்காதவர்களுக்காக: டப்ளின் பக்கத்தில் ஒரு சிறுமி கொலை, விசாரிக்கிற போலீஸ்காரர் சின்ன வயதில் அதே காட்டில் தன் இரண்டு நண்பர்கள் காணாமல் போனபோது உயிரோடு மீண்டவர். இன்றைய கொலைக்கு விடை கிடைக்கிறது, பழையதற்குக் கிடைக்காது. எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் அந்த மனிதரிடம் ஞாபகமே இல்லை, ஞாபகம் வருவது அவருக்குப் பிடிக்கவும் இல்லை, ஆசிரியர் வேறு ஏதாவது செய்திருந்தால்தான் மோசடி என்பேன். விதிப்படி ஆட வேண்டும் என்றால், துப்பறியும் கதைகள் எழுதிய பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929-இலேயே துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டுவைத்திருக்கிறார். அதற்கு மூன்று வருஷம் முன்பே அகதா கிறிஸ்டி, கடைசியில் வாசகரைக் கவிழ்த்துவிடும் 'ரோஜர் அக்ராய்ட்' நாவலை எழுதி, மோசடி என்று திட்டு வாங்கியும் ஆகிவிட்டது. இன்றும் விற்கிறது.

எல்லாம் வெளிநாட்டுச் சரக்காகவே சொல்கிறீர்களே. தமிழில் குற்ற நாவலே இல்லையா?
— ஒரு வாசகர், மதுரை

இல்லாமலா? சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் மாத நாவல்களும் இல்லாமல் ஒரு தலைமுறை பஸ் பயணமே செய்ததில்லை. ஆனால் தமிழில் எனக்குத் தெரிந்த மிகக் கொடூரமான குற்ற நாவலை யாரும் அந்த அலமாரியில் வைப்பதில்லை. பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013). சோடாக் கடையில் வேலை பார்த்த குமரேசன் வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். அவள் என்ன சாதி என்று நாவல் சொல்லவே சொல்லாது. யார் கொல்லப் பார்க்கிறார்கள் என்பதில் ரகசியமே இல்லை, பெற்ற தாய், உறவு, ஊர், எல்லாரும் வாய்விட்டே பேசுகிறார்கள். துப்பறிய ஒன்றுமில்லை, பிடித்துக்கொடுக்கவும் ஊரில் மிச்சம் யாருமில்லை. 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இது வந்தபோது காதல் கதை என்றுதான் பல இடங்களில் அறிமுகம் செய்தார்கள். படித்துவிட்டுத்தான் எழுதினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நான் எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். தப்பா?
— ஒரு வாசகி, ஈரோடு

'தி ட்ரீஸ்', 'பட்டர்', கீகன் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செய்யுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. 'காச்சர் கோச்சர்' கடைசிப் பக்கத்தைப் படித்தாலும் உங்களுக்கு ஒன்றும் புரியப் போவதில்லை. அந்தக் கணக்கு வாத்தியார் கதையை மட்டும் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள், ப்ளீஸ்.