சாமி படமும் லைசென்ஸும் ஒரே சுவரில்

ஒரு கடைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது கல்லாவுக்கு மேலே இருக்கும் சுவரை. முருகனோ, மாதாவோ, மக்கா படமோ மாட்டியிருக்கும். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், வார விடுமுறை அறிவிப்பு. கடைக்காரர்களுக்குக் கணக்கும் தொழிலாளர் சட்டமும் பார்த்துக் கொடுக்கிற எனக்கு வரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டு படங்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் இடத்தில்தான் தொடங்குகிறது. அப்படி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

நானும் தம்பியும் மளிகை மண்டி நடத்துகிறோம். அப்பா காலத்திலிருந்து லாபத்தில் பத்தில் ஒரு பங்கு திருச்செந்தூர் முருகனுக்கு. பங்கு ஒப்பந்தத்தில் முருகனையே மூன்றாவது பங்குதாரராகப் போட்டுவிட்டால், அந்தப் பங்குக்கு வரி இல்லைதானே? தவிர, தர்மத்துக்கென்று வாங்குபவரிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமையும் பிடிக்கிறோம். அதுவும் எங்கள் வருமானத்தில் சேருமா?
— விருதுநகர்

அண்ணாச்சி, வரியில்லாமல் ஒதுக்க முடியுமா என்றால், முருகன் பங்குக்கு ‘முடியாது’, மகமைக்கு ‘முடியும்’.

கூட்டு வியாபாரம் என்பது ஒப்பந்தம். முருகன் கையெழுத்துப் போட வேண்டும், நட்டம் வந்தால் தன் பங்கைக் கட்டவும் வேண்டும். சட்டத்தின் கண்ணில் கோயில் தெய்வம் ஒரு ‘ஆள்’தான்; சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். தெய்வத்தின் வருமானத்துக்கு அதைப் பராமரிப்பவர் மூலமாக வரி போடலாம் என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சாமி பெயரில் எழுதினால் வரி மறைந்துவிடும் என்ற நினைப்பே தப்பு. லாபம் உங்கள் கல்லாவுக்கு வந்த பிறகு நீங்கள் பிரித்துக் கொடுப்பது உங்கள் செலவு. வரியைக் கட்டிவிட்டுத்தான் உண்டியலில் போட வேண்டும். நன்கொடைக் கழிவு (பழைய எண்ணில் 80ஜி) வேண்டுமென்றால் அந்தக் கோயிலோ அறக்கட்டளையோ அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. ஊர்க் குலதெய்வக் கோயில்கள் பெரும்பாலும் இந்தத் தகுதிக்குள் வராது.

மகமை வேறு கதை. உங்கள் ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே இதையே ‘தர்மாதா’ என்பார்கள். அப்படிப் பிடித்து வந்த பிஜ்லி காட்டன் மில்ஸ் என்ற ஆலையின் வழக்கு 1979-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பில்லில் தனி இனமாகக் காட்டி, தனிக் கணக்கில் வரவு வைத்து, தர்மத்துக்கே செலவழித்தால் அது வியாபாரியின் வருமானம் ஆகாது, அவர் கை வெறும் வழி என்று தீர்ப்பானது. அப்பா மஞ்சள் பையில் தனியாக முடிந்து வைத்தாரே, அதையேதான் நீதிமன்றமும் கேட்கிறது. நீங்கள் இப்போது மகமையை விற்பனைக் கணக்கிலேயே போட்டுவிட்டு வருடக் கடைசியில் உத்தேசமாக ஒரு தொகையை எடுத்து வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது. ஜி.எஸ்.டி.க்கும் ஒரு எச்சரிக்கை: வாங்குபவர் கட்டியே ஆக வேண்டும் என்று பிடித்தால் அதுவும் சரக்கின் விலைதான் என்று அதிகாரி வாதாட இடமிருக்கிறது. கொடுக்க விரும்பாதவரிடம் பிடிக்காதீர்கள்.

சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு எழுதுவது எங்கள் வழக்கம். ஆடிட்டர் ஏப்ரல் 1 என்கிறார். இடையில் வரும் 13 நாள் வியாபாரத்தை எதில் எழுதுவது?
— காரைக்குடி

உங்கள் தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. முன்பெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி, சித்திரைக்குச் சித்திரை என்று அவரவர் ஆண்டை வைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே விட்டிருந்தது. 1989 மார்ச் 31-ல் முடிந்த ஆண்டிலிருந்து எல்லாருக்கும் ஒரே ஆண்டு என்றாகிவிட்டது. ஏப்ரல் 1-லிருந்து கணினியில் எழுதுங்கள். சித்திரை ஒன்றில் நோட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ‘லாபம்’ எழுதிப் பூஜை செய்யுங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மண்டிக்காரர் கணினித் திரையின் மூலையில் சந்தனப் பொட்டு வைத்து, டேலி கணக்கு மென்பொருளில் ‘பிள்ளையார் வரவு 1 ரூபாய்’ என்று முதல் பதிவு போட்டார். அந்த ஒரு ரூபாயை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று அவருடைய கணக்குப் பிள்ளை என்னிடம் போனில் கேட்டார். ‘இதர வருமானம்’ என்றேன்.

எங்கள் குடும்பம் வட்டி வாங்குவதில்லை. வங்கி தானாகப் போடும் வட்டியை அப்படியே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். வாங்காத பணத்துக்கு ஏன் வரி?
— வாணியம்பாடி, தோல் வியாபாரம்

பாய், நீங்கள் தொடவில்லை, சரி. ஆனால் உங்கள் கணக்கில் வரவாகிவிட்டது, வங்கியும் வரித்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டது. பிறகு யாருக்குக் கொடுத்தாலும் வரிக் கணக்கில் காட்டித்தான் ஆக வேண்டும். வியாபாரப் பணத்தை வட்டியே வராத நடப்புக் கணக்கில் வைத்துக்கொள்வதுதான் சுத்தமான வழி.

ஆனால் அரசே வட்டியோடு வரும் இடங்களும் உண்டு. வரித் தொகை திரும்பக் கிடைக்கும்போது வட்டியும் சேர்ந்து வரலாம். அதையும் காட்ட வேண்டும். நீங்கள் ஜி.எஸ்.டி.யைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ‘கொடுப்பதும் எங்களுக்கு ஆகாது’ என்ற பதில் அங்கே செல்லாது. பெரிய கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தால், பதிவு செய்த சிறுதொழிலுக்கு வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அது உரிமைதான், கடமை இல்லை. அசலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிடலாம்.

கத்தோலிக்கக் குடும்பம். அச்சகம் நடத்துகிறோம், 22 பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெண் கருக்கலைப்புச் செய்துகொண்டு, சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்புக் கேட்கிறாள். நான் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் என் பணத்தில் அது வேண்டாம். அமெரிக்காவில் இப்படி ஒரு குடும்பக் கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்ததாகப் படித்தேன்.
— திருச்சி

உங்கள் மனவேதனை புரிகிறது. அதைக் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த வழக்கு இங்கே உதவாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைத் தொடர். ஓக்லஹோமாக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்கமாட்டார்கள். ஊழியர் காப்பீட்டில் கருத்தடை முறைகளும் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தபோது, அவற்றில் நான்கு மட்டும் கருவை அழிப்பதற்குச் சமம், அதற்குப் பணம் கட்டமாட்டோம் என்றார்கள். 2014 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஜெயித்தது அரசியல் சாசனத்தின் பலத்தில் அல்ல. 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட மத சுதந்திரத்துக்கான தனிச் சட்டம் ஒன்று அவர்கள் கையில் இருந்தது. சிலரிடமே பங்குகள் இருக்கும் குடும்பக் கம்பெனியும் அதில் சேரும் என்றார்கள் நீதிபதிகள். ஊழியருக்கு அந்தச் சலுகை வேறு வழியில் கிடைக்க வாய்ப்பிருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. இருப்பது அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு. அதுவும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், பிற அடிப்படை உரிமைகள் எல்லாவற்றுக்கும் உட்பட்டுத்தான். மதப் பழக்கத்தோடு ஒட்டிய பொருளாதார நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சம்பளமும் விடுப்பும் பொருளாதார நடவடிக்கைதான்.

கருச்சிதைவுக்கும் மருத்துவ முறையிலான கருக்கலைப்புக்கும் ஆறு வாரச் சம்பள விடுப்பு மகப்பேறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த ஆறு வாரம் குறையவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் என்பதும் அப்படியே. கேட்பவர் திருமணமானவரா என்று சட்டம் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது குற்றம்.

இப்போது உங்கள் ‘என் பணம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் சம்பளம் 21,000-க்குள் என்றால் அவர் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பார். விடுப்புக் காலப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகம்தான் கொடுக்கும். நீங்கள் கட்டுவது மாதாமாதம் சம்பளத்தில் 3.25 சதவீதம். அது யாருக்கு, எந்த வைத்தியத்துக்குப் போகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத பொதுக் குளம். அவர் மருந்தகத்தில் சான்று வாங்கிக் கொடுத்தால் போதும், காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டியதே இல்லை. எப்படியோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அச்சகத்தில் இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்பதுதான் இப்போது எனக்குக் கவலை. அவர் திரும்பி வரும்போது பழைய மேசை, பழைய ஷிப்ட் அப்படியே இருக்கட்டும்.

அப்பா காலத்திலிருந்து ஞாயிறு எங்கள் பேக்கரி லீவு. ஒரு ஊழியர் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரம் கேட்கிறார். தீபாவளிக்கும் லீவு விட வேண்டுமாம். எது கட்டாயம்?
— நாகர்கோவில்

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும், இருக்கக் கூடாது என்று எதுவும் இல்லை. உங்கள் ஞாயிறு தாராளமாகச் செல்லும். வருடத்துக்கு ஒன்பது நாள் தனி: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள். அந்த ஐந்தும் முதலாளி வீட்டுப் பண்டிகை அல்ல, இரு தரப்பையும் கேட்டு முடிவாவது. கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, தீபாவளி, ரம்ஜான், பொங்கல் என்று பிரித்துக்கொண்ட கடைகளில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் அடுப்பு பகல் ஒரு மணிக்கு எப்படியும் ஓய்ந்துதானே இருக்கும்? விடுங்கள்.

இனிப்புக் கடை, சுத்த சைவம். வேலையாட்கள் மதியம் டிபன் பாக்ஸில் மீன் கொண்டு வருகிறார்கள். வேலைக்கு எடுக்கும்போதே சைவக் குடும்பத்து ஆளாகப் பார்த்து எடுக்கலாமா?
— மதுரை

சமையல்கட்டுக்குள் அசைவம் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள், எல்லாருக்கும் பொதுவாக. பின்கட்டிலோ வெளியிலோ சாப்பிட ஓர் இடமும் ஒதுக்கிக் கொடுங்கள். ‘சைவக் குடும்பம்’ என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தீண்டாமையை வைத்து வேலை மறுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். ஜிலேபி பிழியத் தெரியுமா என்று கேட்டு ஆள் எடுங்கள்.

என் தறிப்பட்டறை சூப்பர்வைசர் மாலை போட்டிருக்கிறார். 48 நாளும் செருப்பு போடமாட்டார். விட்டுவிடலாமா?
— ஈரோடு

அலுவலக அறையில், துணி மடிக்கும் இடத்தில் விடலாம். இயந்திரம் ஓடும் இடத்தில், கொதிகலன் பக்கத்தில் விடாதீர்கள். பாதுகாப்புக் காலணி கொடுப்பது உங்கள் கடமை, போடுவது அவர் கடமை. காலில் ஏதாவது ஆனால் ‘விரதம் சார்’ என்பதை நட்ட ஈட்டு வழக்கில் யாரும் ஏற்கமாட்டார்கள். மண்டலம் முடியும்வரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், சம்பளம் குறையாமல்.

ஆட்டுக்கறிக் கடை, மூன்று தலைமுறை. மாட்டுப் பொங்கலன்று ஊரே கறிக்கு அலைகிறது; அன்றைக்குத் திருவள்ளுவர் தினம் என்று கடையை மூடச் சொல்கிறார்கள். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாளும் அப்படியே. இது எங்கள் பண்டிகையே இல்லையே?
— திண்டுக்கல்

உங்கள் ஆதங்கத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் எழுதினார், வாஸ்தவம். அதை நகராட்சி அறிவிப்பாக ஆக்கியிருக்க வேண்டுமா என்பது வேறு. ஆனால் வழக்குப் போடலாம் என்று நினைத்தால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அகமதாபாத்தில் ஜைனர்களின் பர்யூஷண் விரதத்துக்காக மாநகராட்சி இறைச்சிக் கூடங்களை ஒன்பது நாள் மூடியதை எதிர்த்து இறைச்சி வியாபாரிகள் போனார்கள். வருடத்தில் சில நாள் என்பதால் நியாயமான கட்டுப்பாடுதான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு இருப்பதோ அதைவிடக் குறைவான நாள். முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிவையுங்கள். பின்கதவு வழியாக விற்று மாட்டிக்கொண்டால் போவது அன்றைய கறியோடு நிற்காது, உரிமத்துக்கும் ஆபத்து.

ராகுகாலத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப அம்மா விடமாட்டேன் என்கிறார். ஆடியில் புதுப் பதிவும் கூடாதாம்.
— கும்பகோணம்

பதிவு செய்ய வேண்டிய நிலை வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆடிக்கு விலக்கு இல்லை. விண்ணப்பத்தை ஆனியிலேயே போட்டுவிட்டு, கடைத் திறப்பு விழாவை ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்குக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. 20-ஆம் தேதி செவ்வாயாக அமைந்தால் ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை. அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். நாலரைக்கு மேல் எல்லா அம்மாக்களின் பிள்ளைகளும் ஒன்றாக உள்ளே வருவார்கள், தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.