மலிவு விலை டார்ச் லைட்: கேட்டதும் சொன்னதும்

இருபது வருடமாக எமர்ஜென்சி விளக்கு, டார்ச், சின்ன சார்ஜர் இதையெல்லாம் பிரித்துப் பழுது பார்த்து வருகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிற ‘ஹை பவர்’ எல்இடி டார்ச் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. இன்வெர்ட்டர், சோலார் கேள்விகளை இன்னொரு நாளைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கோபிசெட்டிபாளையம், விவசாயி: அண்ணா, ராத்திரியில் தண்ணி கட்டப் போகிறவன் நான். 850 ரூபாய்க்கு ஒரு ஜூம் டார்ச் வாங்கினேன். பெட்டியில் 10,000 லூமன், பேட்டரி 9,900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?

இரண்டுமே பொய். லூமன் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சம், எம்ஏஎச் என்பது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 10,000 லூமன் வேண்டுமென்றால் 100 வாட். உங்கள் டார்ச்சில் இருப்பது ஒரே ஒரு 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 3.7 வோல்ட்டில் 100 வாட் எடுக்க அது 27 ஆம்பியர் தர வேண்டும். மலிவு டார்ச்சில் வருகிற செல்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அப்படியே தந்தாலும், நல்ல 3,400 எம்ஏஎச் செல்லில் இருப்பதே 12 வாட் ஹவர் சொச்சம், ஏழு எட்டு நிமிடத்தில் காலி. காரில் வரும் எச்4 ஹாலோஜன் பல்பு ஹைபீமில் 1,650 லூமன். அதைப் போல ஆறு பல்பின் வெளிச்சம் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது என்கிறது அந்தப் பெட்டி!

சோதனைக்கு வருவோம். முதலில் செல்லை வெளியே எடுத்து நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். ஒழுங்கான 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். முப்பது சொச்சம் காட்டினால் உள்ளே சரக்குக் குறைவு என்று அர்த்தம். எடை சரியாக இருந்துவிட்டால் மட்டும் நல்ல செல் என்று நினைத்துவிடாதீர்கள், பழைய லேப்டாப்பில் கழற்றிப் புது உறை சுற்றிய செல்லும் அதே எடைதான். 18650 அளவில் 9,900 எம்ஏஎச் செல்லை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. கடையில் கிடைக்கும் நல்ல செல்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 வரைதான்.

அடுத்தது வெளிச்சம். வெள்ளைக் கூரை உள்ள சின்ன அறை, பாத்ரூம் என்றாலும் சரி. டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வையுங்கள். நேர் வெளிச்சம் படாத மூலையில் போனை வைத்து, லக்ஸ், அதாவது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஆப்பில் எண்ணைக் குறியுங்கள். அப்புறம் டார்ச் இருந்த இடத்தில் 9 வாட் எல்இடி பல்பை எரியவிட்டு, அதன் வெளிச்சம் போனில் நேராக விழாமல் ஒரு அட்டையால் மறைத்து, மறுபடி குறியுங்கள். அந்தப் பல்பு 800, 900 லூமன் தரும், டார்ச்சின் எண் பல்பின் எண்ணில் பாதி என்றால் டார்ச் 400 சொச்சம். இது துல்லியமான அளவு இல்லை, 700க்கும் 800க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 10,000 என்று சொன்னது உண்மையில் 400 என்றால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. போனை அங்கேயே வைத்து, டார்ச்சை அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். முதல் நிமிடம், ஐந்தாவது, பத்தாவது நிமிடம் என்று எண்ணை எழுதுங்கள். டார்ச்சின் உடம்பு சூடாகி வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் குறை சொல்லாதீர்கள், நல்ல டார்ச்சும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் குறைத்துக்கொள்ளும். தலைப்பகுதி ஆறியே இருந்து வெளிச்சம் சரிந்துகொண்டே போனால், ஒன்று செல் மட்டம், இல்லையென்றால் எல்இடியின் சூடு உடம்புக்கு இறங்கவில்லை. இரண்டாவது ரகம் சீக்கிரம் கருகும்.

ஜூம் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸை முன்னே இழுத்தால் சுவரில் சதுரமாக விழுகிறதே, அது எல்இடி சில்லின் உருவம். அந்த நிலையில் பாதிக்கு மேல் வெளிச்சம் தலைக்குள்ளேயே வீணாகிறது. இழுக்கும்போதெல்லாம் ஈரக்காற்றையும் உறிஞ்சும். வரப்பில் பாம்பு பார்க்க உங்களுக்கு வேண்டியது அகலமான வெளிச்சம், சதுரம் அல்ல.

மதுரை: சார், எத்தனை கிலோமீட்டர் அடிக்கும்?

‘பீம் டிஸ்டன்ஸ்’ என்று பெட்டியில் போடுவது, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற தூரம், அதாவது பௌர்ணமி நிலா அளவு. ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் லக்ஸ் அளந்து 25ஆல் பெருக்கினால் கேண்டலா, அதாவது ஒளிக்கற்றையின் வலு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம். 400 லக்ஸ் வந்தால் 10,000 கேண்டலா, 200 மீட்டர். நிற்பது ஆடா நாயா என்று தெரிய அதில் பாதிக்குள் வர வேண்டும்.

திருப்பூர்: புது டார்ச், டைப் சி ஓட்டை இருக்கிறது, ஆனால் என் போன் சார்ஜரில் ஏறவே இல்லை. பழுதா?

இரண்டு பக்கமும் டைப் சி இருக்கும் கேபிள் போட்டிருப்பீர்கள். சார்ஜரிடம் ‘கரண்ட் கொடு’ என்று சொல்ல டார்ச்சுக்குள் இரண்டு சின்ன ரெசிஸ்டர் வேண்டும், காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். பழைய அகல யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் ஏறும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

குன்னூர், வேன் ஓட்டுநர்: வெள்ளை வெளிச்சம் பனியில் உதவாது. மஞ்சள்தான் பனியைக் கிழிக்கும். மஞ்சள் டார்ச் எது நல்லது?

மஞ்சள் பனியைக் கிழிக்காது ஐயா. பனித்துளி பத்து இருபது மைக்ரான் பெரிசு. ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான்தான். இவ்வளவு பெரிய துளியில் நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும்.

அதே குன்னூர்க்காரர்: முப்பது வருடமாகக் கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிறேன். நீங்கள் கடைக்குள் உட்கார்ந்து சொல்கிறீர்கள். மஞ்சள் செலஃபன் ஒட்டினால் பாதை தெரிகிறதே, அது எப்படி?

கொடைக்கானல்: ஓட்டுநர் அண்ணன் சொல்வது சரி. பிரான்சில் எல்லாக் காருக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி வைத்திருந்தார்களே, சும்மாவா?

தஞ்சாவூர், இயற்பியல் ஆசிரியர்: வானம் நீலமாவதற்குச் சொல்லும் விளக்கத்தைப் பனியில் பொருத்துவதால் வரும் குழப்பம் இது. காற்றின் மூலக்கூறு அலைநீளத்தைவிட மிகச் சிறியது, அதனால் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், துளி அப்படியில்லை.

சரி, மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வாத்தியார் சொன்னதுதான் காரணம். பிரான்ஸ் அந்த விதியை 1993இல் கைவிட்டுவிட்டது. ஓட்டுநர் கண்ட பலனும் பொய்யில்லை. செலஃபன் ஒட்டினால் வெளிச்சமே குறைகிறது, பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அறைவதும் குறைகிறது. கூச்சம் போனதும் பாதை தெரிகிறது. பேப்பரை எடுத்துவிட்டு டார்ச்சை லோ மோடில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, கண் மட்டத்தில் பிடிக்காமல் முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். வண்டியின் பனி விளக்கை பம்பருக்குக் கீழே வைப்பதும் இதற்காகத்தான்.

குன்னூர்க்காரர்: நேற்றிரவு பார்த்தேன். முழங்கால் உயரத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மஞ்சள் கண்ணுக்கு இதம்.

இதம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். நானே 4,000 கெல்வின், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையில், நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடிதான் வைத்திருக்கிறேன். நீலம் பாய்ந்த மட்டமான வெள்ளையில் சருகும் விரியனும் ஒரே சாம்பல் நிறம். சண்டைக்கு வந்திருந்தால் இதைச் சொல்லி வந்திருக்க வேண்டும்!

சேலம்: 90,000 லூமன் டார்ச் 599 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

மேலே கோபிசெட்டிபாளையத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மன்னார், கடற்றொழிலாளி: அண்ணை, படகில கொண்டுபோக ஏலுமோ? ஐபிஎக்ஸ்7 எண்டு போட்டிருக்கு.

ஒரு மீட்டர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். உப்புத் தண்ணீர் வேறு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், ஸ்பிரிங் பச்சை பிடிக்கிறதா பாருங்கள். ஜூம் டார்ச் படகுக்கு ஆகாது. முக்குளிக்கும் விளக்கு எனக்குத் தெரியாத துறை.

துபாய்: ஊருக்கு வரும்போது நாலு செல் தனியாகக் கொண்டுவரலாமா?

கைப்பையில் மட்டும், ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி. செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் செல் கூடாது. ஏறுமுன் எடை போட்டுப் பாருங்கள், போலிச் செல்லைச் சுமந்து வருவதில் அர்த்தமில்லை.

கூடலூர்: யானை வந்தால் கண்ணில் அடிக்கலாமா?

வனத்துறையைக் கூப்பிடுங்கள். டார்ச் மெக்கானிக்கைக் கேட்காதீர்கள்.

விழுப்புரம்: எத்தனை கிலோமீட்டர் அடிக்கும் சார்?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள் தம்பி.

கோபிசெட்டிபாளையம் விவசாயி, மறுபடியும்: அண்ணா, எடை போட்டேன். 31 கிராம். பத்து நிமிடத்தில் லக்ஸ் 60இலிருந்து 22. டார்ச் லேசான வெதுவெதுப்புதான். செல்லை மட்டும் மாற்றினால் போதுமா?

வெதுவெதுப்போடு நின்று வெளிச்சம் இறங்கினால் முதலில் செல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும், மாற்றிப் பாருங்கள். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். பழைய செல்லின் பாசிட்டிவ் முனை மொட்டு போலத் துருத்தியிருக்கிறதா, தட்டையா என்று பார்த்து அதே மாதிரி கேளுங்கள், தட்டை முனை சில டார்ச்சில் தொடாது. பாதுகாப்பு சர்க்கியூட் உள்ள செல் நாலைந்து மில்லிமீட்டர் கூடுதல் நீளம், மூடி திருகுமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். அந்த 31 கிராமைக் குப்பையில் வீசாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.