ஆன்டிபாடி குறைந்தால் செல்களில் என்ன தேடுகிறோம்? கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், வயது 34. இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. ஐஜிஜி என்ற ஆன்டிபாடி குறைவு, சிவிஐடி எனும் நோய் எதிர்ப்புக் குறைபாடு என்கிறார்கள். ஆனால் பி செல் எண்ணிக்கை சரியாம். ஆன்டிபாடியைச் சுரப்பதே அதுதானே?

பதில்: தலையை எண்ணினால் சரிதான். அதில் வேலைக்குத் தேறியவை எத்தனை என்பதே கேள்வி. கிருமியைச் சந்தித்த பி செல், நிணநீர்க் கணுவில் டி செல்லின் துணையோடு ஐஜிஎம் வகை ஆன்டிபாடியை விட்டு ஐஜிஜி, ஐஜிஏ வகைகளின் பக்கம் மாற வேண்டும். மாறியவற்றில் சில நினைவுச் செல்களாகத் தங்கும். சில பிளாஸ்மா செல்களாகி ஆன்டிபாடியைக் கொட்டும். சிவிஐடி உள்ள பலருக்கு இந்த இடத்தில்தான் முட்டுக்கட்டை. செல்களை வகைவகையாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் ‘வகை மாறிய நினைவு பி செல்’ என்ற வரியைப் பாருங்கள். 2008-இல் வந்த யூரோகிளாஸ் வகைப்பாட்டில், மொத்த பி செல்களில் அது 2 சதவீதத்துக்கு மேலா, கீழா என்பதை வைத்தே சிவிஐடி நோயாளிகளைப் பிரிக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு ‘சிடி21 குறைந்த பி செல்’ அதிகமாம். புற்றுநோயா?

பதில்: அந்த அர்த்தம் இல்லை. சிடி21 என்பது பி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம். அது குறைந்த செல்கள் மொத்த பி செல்களில் 10 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் மண்ணீரல் வீக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: இது பி செல் கோளாறு என்றால் டி செல்லை எதற்கு எண்ணுகிறார்கள்?

பதில்: சிலருக்குப் புதிய, அனுபவமில்லாத சிடி4 வகை டி செல்கள் குறைந்திருக்கும். மற்ற செல்களை அடக்கிவைக்கும் டி செல்களும் குறையலாம். அப்போது உடல், ரத்தம் உறைய உதவும் தன் தட்டணுக்களையே அழிக்கத் தொடங்கலாம். இந்த அடக்கும் வேலைக்குத் தேவையான சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ மரபணுக்களில் பழுது இருக்கிறதா என்று தேடுவதும் இதனால்தான்.

கேள்வி: மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி மருந்து) ஏற்றுகிறேன். இப்போது ஐஜிஜி நார்மல். குணமாகிவிட்டதா?

பதில்: அது கொடையாளர்களின் ஐஜிஜி, உங்களுடையதல்ல. சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஏற்றுகிறோம். தொற்று குறையும், செல்களின் கோளாறு அப்படியே இருக்கும். ஐஜிஜியை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. நுரையீரல், மண்ணீரல், ரத்த அணுக்கள் எல்லாவற்றின் மீதும் கண் வேண்டும். இன்னொன்று: ஏற்றிய பிறகு ஹெபடைடிஸ் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள். அதுவும் கொடையாளருடையதாக இருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்கு ரிடக்ஸிமாப் கொடுத்தார்கள். பிறகு ஐஜிஜி குறைந்தது. இதுவும் சிவிஐடியா?

பதில்: அந்த மருந்தே பி செல்களை அழிப்பதுதான். மருந்தால் வந்த குறைபாட்டை சிவிஐடி கணக்கில் சேர்ப்பதில்லை. மருந்துக்கு முன் எடுத்த ஐஜிஜி ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள். அப்போதே குறைவாக இருந்திருந்தால் கதை வேறு.