ஆட்டிச நிலைப் பிள்ளைகளுக்கு உதவ எங்கள் பள்ளி ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தப்போகிறோம். அதில் என்னென்ன சொல்லித்தர வேண்டும்?

எப்படிப்பட்ட பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை, தனியார் பள்ளியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், அவர்களில் ஓரிருவர் ஆட்டிச நிலையாளர்கள். நிர்வாகம் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து புரொஜெக்டர் போட்டுப் பேசுவார், மாலையில் சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். இதையெல்லாம் இப்படித்தான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அந்த ஒரு நாளை இரண்டரை மணி நேரமாகச் சுருக்குங்கள். மிச்ச நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்து, அடுத்த ஆறு வாரத்துக்கு வகுப்பறைக்குள்ளேயே கொடுங்கள். காலை முழுக்க "ஆட்டிசம் என்றால் என்ன" என்று கேட்ட டீச்சர், திங்கட்கிழமை பிரேயரில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையின் முன்னால் மறுபடி திகைத்துத்தான் நிற்பார். ஒரு திறமை கைக்கு வர நாலு படி வேண்டும்: சொல்லுதல், செய்து காட்டுதல், அவரைச் செய்ய வைத்தல், உடனே திருத்துதல். புரொஜெக்டர் பயிற்சி முதல் படியோடு முடிந்துவிடுகிறது. கண்ணைக் கட்டி, காதில் இரைச்சலைப் போட்டு "ஆட்டிசம் இப்படித்தான் இருக்கும்" என்று காட்டும் விளையாட்டுகளையும் விட்டுவிடுங்கள். பரிதாபம் வரும், என்ன செய்ய வேண்டும் என்பது வராது.

யாரை உட்கார வைப்பது? ஆசிரியர்களை மட்டும் என்றால் பாதி வேலைதான் நடக்கும். ஆயாம்மா, பள்ளி வேன் உதவியாளர், வாட்ச்மேன் அண்ணன், பி.டி. மாஸ்டர், ஆபீஸ் பணியாளர் எல்லோரும் வர வேண்டும். பிள்ளை நிலைதடுமாறுவது பெரும்பாலும் வேனில், கழிப்பறையில், சாப்பாட்டு நேரத்தில், மைதானத்தில். அங்கே டீச்சர் இருக்க மாட்டார். ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் வேண்டாம். ஆயாம்மாக்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு இங்கிலீஷில் பாடம் நடத்தாதீர்கள். பயிற்சி தமிழில் இருக்கட்டும், கையில் கொடுக்கும் தாளும் தமிழில் இருக்கட்டும்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் முதலில் பழக்க வேண்டியது சும்மா இருப்பது. ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே அளந்து காட்டினார். பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் காதில் விழுந்ததைப் புரிந்துகொண்டு பதிலைத் திரட்ட அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நடுவில் "சொல்லுப்பா, என்ன யோசிக்கிற, நேத்து சொன்னேன்ல" என்று வேறு சொற்களைக் கொட்டினால், பாதி வழி வந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பச் சொல்வதானால் அதே சொற்களில், அதே வரிசையில் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. "நோட்டை எடுத்து, தேதி போட்டு, போர்டைப் பார்த்து எழுது" என்பது மூன்று கட்டளை. இரண்டு இரண்டு பேராகப் பிரித்துப் பத்து நிமிடம் இதைச் செய்ய வையுங்கள். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது படப்பலகை, அதாவது பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டித் தன் தேவையைச் சொல்லும் பலகை. பேச்சு வராத பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமைதியாக இருக்கும்போது நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் பதற்றத்தில் பேச்சு நின்றுபோகலாம். ஏ4 தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, ஆறு பத்தி, நாலு வரிசை, மொத்தம் 24 கட்டங்கள். படத்துக்குக் கீழே பேச்சுத் தமிழில் சொல்: வேணும், வேணாம், இன்னும், போதும், நிறுத்து, உதவி, வலிக்குது, சத்தம், பாத்ரூம், தண்ணி, பயமா இருக்கு, வேற ஏதோ. பழத்தின் பெயர், நிறத்தின் பெயர், விலங்கின் பெயரால் பலகையை நிரப்புவதுதான் பலரும் செய்வது. யானையைத் தொட்டுக் காட்டி ஒரு பிள்ளை தன் தேவையைச் சொல்ல முடியாது. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அடித்துப் படம் தெரியாது. பளபளப்பில்லாத தாளில் போடுங்கள். ஒரு சொல்லுக்குக் கொடுத்த இடத்தை மாற்றவே கூடாது. கை பழகுவது இடத்தை வைத்துத்தான். சொற்களைக் கூட்டும்போதும் பழையவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வகுப்புக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

பலகையைச் செய்து மேசைமேல் வைத்துவிட்டுப் "பிள்ளை தொடவே இல்லை, இது சரிப்படாது" என்று இரண்டாவது வாரமே கைவிடுவார்கள். பிள்ளை தொடுவதற்கு முன்னால் பெரியவர்கள் தொட வேண்டும். "தண்ணி வேணுமா?" என்று கேட்கும்போதே தண்ணி, வேணும் இரண்டையும் விரலால் தொட்டுக்கொண்டே பேசுங்கள். "எனக்கும் இந்தச் சத்தம் பிடிக்கல" என்று உங்கள் சங்கதியையும் தொட்டுச் சொல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துத் தொட வைக்கக் கூடாது, "தொட்டால்தான் தருவேன்" என்று நிபந்தனையும் போடக் கூடாது. இது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. பிள்ளை "வேணாம்", "நிறுத்து" என்று தொட்டால், முடிகிற இடத்திலெல்லாம் உடனே நிறுத்த வேண்டும். முடியாத இடத்தில் "நிறுத்துன்னு சொன்ன, கேட்டேன். ரெண்டு நிமிஷத்தில முடிஞ்சிடும்" என்றாவது பதில் சொல்ல வேண்டும். சொன்னால் நடக்காது என்று தெரிந்துபோனால் அடுத்த முறை பிள்ளை பலகையைத் தேடாது, கடிக்கும்.

படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலாகப் பேசும் டேப்லெட் செயலி வைத்திருக்கும் பிள்ளைக்கும் இதே விதிதான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. ஆனால் தண்டனையாக டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பது அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குச் சமம். இந்த ஒன்றைப் பள்ளி விதியாகவே எழுதிப் போடுங்கள்.

கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளையை "கிளிப்பிள்ளை மாதிரி" என்று ஒதுக்குகிறார்கள். "ஹோம்வொர்க் எழுதலையா" என்ற வாக்கியத்தை ஒரு பிள்ளை பயம் வரும்போதெல்லாம் சொல்லலாம், முன்பு பயந்தபோது காதில் விழுந்தது அதுவாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட வாக்கியம், அது வந்த நேரம், அதற்கு முன்னால் நடந்தது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால் இரண்டு வாரத்தில் பொருள் பிடிபட ஆரம்பிக்கும். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். பார்க்கவும் கேட்கவும் ஒரே நேரத்தில் முடியாத பிள்ளைகள் உண்டு. பேச்சு முறிந்துபோவதற்குப் பிள்ளையின் குறை மட்டும் காரணம் இல்லை, இரு தரப்புக்கும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தெரியாததுதான் காரணம் என்று டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012இல் எழுதினார். அவரே ஆட்டிச நிலையாளர். உங்கள் பயிற்சியிலும் வளர்ந்த ஆட்டிச நிலையாளர் ஒருவரைப் பேச அழையுங்கள், அதற்குரிய கட்டணத்தையும் கொடுங்கள்.

இந்த இடத்தில் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. "வீட்டில் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், ரெண்டு மொழி இருந்தால் பிள்ளை குழம்பும்" என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. அந்த அறிவுரையால் நடப்பது வேறு. இங்கிலீஷ் சரளமாக வராத அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், பாட்டி பேசுவதையே நிறுத்திவிடுகிறார். குறைவாகப் பேசும் பிள்ளையைச் சுற்றி வீடே மௌனமாகிறது. தயவுசெய்து உங்கள் ஊழியர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சொல்லுங்கள்.

இனி நிதானம் தவறும் விஷயம். மெல்ட்டவுன், அதாவது பிள்ளை தாங்க முடியாமல் நிலைகுலைந்துபோவது, வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வருவதற்கு முன் இருக்கும் பத்து நிமிடம்தான் உங்கள் கையில் இருப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அறிகுறி வேறு: முனகல் சத்தம் கூடும், காது சிவக்கும், ஷூவைக் கழற்றும், கதவுப் பக்கமே பார்க்கும். ஐந்து நாள் ஒரு தாளில் நேரம், இடம், முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது என்று நாலு நெடுவரிசை போட்டு எழுதுங்கள். காரணம் பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்கும். இரும்பு மணி, பிரேயர் ஸ்பீக்கர், பெஞ்சை இழுக்கும் சத்தம், மூடிய வகுப்பில் நாற்பது டிபன் பாக்ஸ் வாசனை, வேர்வையில் ஒட்டும் டை, சொல்லாமல் மாறிய பீரியடு. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது ஆகியவற்றை உடம்புக்குள் உணர்வதே சில பிள்ளைகளுக்குக் கடினம். அதனால் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் தண்ணீரும் கழிப்பறையும் கேட்காமலே நடக்கட்டும்.

மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் பிள்ளைக்குச் சைகை காட்டுங்கள். பிரேயரில் வரிசையின் கடைசியில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். காதுக் கவசம் கொடுக்கலாம், ஆனால் நாள் முழுக்க மாட்டிவிட்டால் காது அமைதிக்குப் பழகி, கழற்றும்போது சத்தம் இன்னும் கூர்மையாகத் தெரியலாம். மணிக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் போதும். நாளின் அட்டவணையைப் படமாக ஒட்டும்போது இணையத்தில் எடுத்த கார்ட்டூன் வேண்டாம், உங்கள் பள்ளி லைப்ரரியையும் மைதானத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். டீச்சர் லீவு என்றால் அதற்கென்று ஒரு "மாற்றம்" அட்டை. கை உதறுவது, ஆடுவது, முனகுவது எல்லாம் பிள்ளை தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் காயம் இல்லை என்றால் தடுக்க வேண்டாம்.

மீறி வந்துவிட்டால், ஒரே ஒருவர் அருகில் இருங்கள். இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில். பேச்சை நிறுத்துங்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதைவிட மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது எளிது, அதையும் பயிற்சியில் ஒத்திகை பாருங்கள். தலையை மோதிக்கொண்டால் நடுவில் பையோ தலையணையோ வையுங்கள். தரையில் குப்புற அழுத்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து, யாரும் எப்போதும் செய்யக் கூடாது. அடங்கிய பிறகு தண்ணீர், இருட்டான மூலை, குறைந்தது அரை மணி நேரம். "சாரி சொல்லு", "ஏன் இப்படிப் பண்ண" இரண்டும் அன்று வேண்டாம். எல்லாப் பிள்ளையும் கத்தாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பெஞ்சில் தலை கவிழ்த்து அசையாமல் இருக்கும் பிள்ளையை "இன்னைக்குச் சமத்து" என்று டைரியில் எழுதுகிறார்கள். அதுவும் அதே நெருக்கடிதான், உள்பக்கமாக நடக்கிறது.

அமைதி மூலைக்கு லட்சக்கணக்கில் செலவழித்து விளக்கு, குமிழிக் குழாய் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஆறடிக்கு ஆறடி இடம், திரை, பாய், சாய்ந்துகொள்ளச் சுவர். பூட்டு இருக்கக் கூடாது. தண்டனைக்கு ஒருமுறை அனுப்பினாலும் அந்த மூலை கெட்டுப்போகும், பிறகு தேவைப்படும்போது பிள்ளை அங்கே போகாது.

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாமே" என்று யாராவது இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுவார்கள். டீச்சரின் சுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காத்திருப்பது, ஒரே கட்டளை, படத்தில் அட்டவணை, மணிக்கு முன்னறிவிப்பு ஆகியவை நாற்பது பேருக்கும் பயன்படுகின்றன. ஒரு மெல்ட்டவுன் தின்னும் நேரத்தைவிட இவற்றுக்குக் குறைவான நேரமே ஆகும். இது சலுகையும் இல்லை, சட்டம்: 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்த்து உரிய வசதி செய்துதர வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு ஊழியர் பயிற்சியையும் மாற்றுத் தொடர்பு வழிகளையும் அரசின் கடமையாக வைக்கிறது. அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, அது குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.

ஷேடோ டீச்சர், அதாவது அந்த ஒரு பிள்ளைக்கென்றே வகுப்பில் கூட இருக்கும் உதவியாளர், இருந்தால் ஒரு எச்சரிக்கை. வகுப்பாசிரியர் பிள்ளையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு ஷேடோவிடம் "அவனை எழுதச் சொல்லுங்க" என்பார். பிள்ளையும் ஷேடோ தொடாமல் பென்சில் எடுக்காது. ஷேடோ பக்கத்தில் உட்காராமல் பின்னால் உட்காரட்டும், கட்டளை டீச்சர் வாயிலிருந்து வரட்டும்.

பயிற்சிக்குப் பிறகு வரும் ஆறு வாரத்தில், வாரம் ஒரு திறமையை மட்டும் எடுங்கள். முதல் வாரம் காத்திருப்பது, இரண்டாவது வாரம் பலகையைத் தொட்டுப் பேசுவது, இப்படி. சிறப்புப் பயிற்றுநர் பதினைந்து நிமிடம் வகுப்பில் உட்கார்ந்து, அன்றே, தனியாக, சரியாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பணி மதிப்பீட்டுக் கோப்பில் இதைச் சேர்த்தால் பார்வையாளர் வரும்போது மட்டும் நடிப்பார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள்: ஆமாம் எப்படிச் சொல்லும், வேணாம் எப்படிச் சொல்லும், வலித்தால் என்ன செய்யும், எது தாங்காது, எது தணிக்கும். பெற்றோரோடு உட்கார்ந்து எழுதுங்கள், பேசவோ எழுதவோ முடிந்த பிள்ளை என்றால் பிள்ளையோடும். வகுப்புச் சுவரில் ஒட்டாதீர்கள், அது பிள்ளையின் அந்தரங்கம். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்குள் ஒன்று, வேன் உதவியாளரிடம் ஒன்று, மாற்று ஆசிரியருக்கான கோப்பில் ஒன்று. தனியார் பள்ளிகளில் ஜூன் மாதம் பாதி முகங்கள் புதிதாக இருக்கும், வேன் உதவியாளர் நடுவிலேயே மாறுவார். ஆகவே இரண்டரை மணி நேரப் பயிற்சியை ஒவ்வொரு ஜூனிலும் திரும்ப நடத்தி, நடுவில் சேருபவருக்கு அந்தத் தாளைப் படித்துக்காட்டிய பிறகே பிள்ளையை ஒப்படையுங்கள்.